எந்த ரேட், அண்ணாச்சி?

தூத்துக்குடியில் பொருளாதாரப் பேராசிரியராக இருப்பது வானிலை அலுவலகத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பது மாதிரி. கதவைத் தட்டுகிறவர்கள் எல்லாரும் மழை வருமா என்றுதான் கேட்பார்கள். ஆபீஸ் அடுத்த கட்டடம் என்று சொன்னாலும் நகர மாட்டார்கள். "பக்கத்துலதான இருக்கீய, தெரியாமலா இருக்கும்?" என்பார்கள்.

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை கேட்டீர்கள். மலருக்கு வேறொன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் நூலகம், மாணவர் அன்பு, மரம் நடு விழா எல்லாம் முறையாக இருக்கின்றன. இது உங்களுக்கு மட்டும். படித்துவிட்டு உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்ளாவிட்டாலும் எனக்கு இனி நஷ்டமில்லை, ஓய்வூதியத்தை யாரும் நிறுத்தப்போவதில்லை.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டின் மத்திய வங்கி வட்டியை ஏற்றினால் அந்த நாட்டு நாணயத்துக்கு என்ன ஆகும், வெளிநாட்டில் வட்டி ஏறினால் இங்கே பருப்பு விலை ஏன் ஏறுகிறது. இவ்வளவுதான் என் படிப்பு. கோயில் ஊரில் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் எங்களுடையது. நான் பணவீக்கம் பார்க்கப் போனேன். பலன் சொல்வதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பஞ்சாங்கத்துக்குத் தட்சிணை உண்டு.

எனக்கு ஆய்வு நெறியாளராக இருந்தவர், 'ஏறும்' என்று எழுதினால் அடித்துவிட்டு 'ஏறக்கூடும்' என்று போடுவார். சரி என்று 'ஏறக்கூடும்' என்றே எழுதிக்கொண்டு போனால், 'ஏறக்கூடும் எனக் கருத இடமுண்டு' என்று திருத்துவார். தன் மகள் கல்யாணப் பத்திரிகையையும் மனிதர் அப்படித்தான் அச்சடிப்பார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அவருடைய பேச்சை என் பணிக்காலம் முழுக்கக் காப்பாற்றினேன். ஒரே ஒரு காலையில் மீறினேன். அந்தக் காலையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது துறையை மூடுவதாகப் பேச்சு. நாட்டில் பொருளாதாரம் எவ்வளவோ பேசப்படுகிறது, படிக்கத்தான் ஆள் வரவில்லை. எங்கள் வகுப்பறைகளை வணிகவியலுக்குக் கொடுத்துவிடலாம் என்று நிர்வாகக் குழுவில் சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். துறையில் என்னைத் தவிர மூன்று பேர். அதில் இரண்டு பேரைப் பற்றிக் கவலையில்லை, வேறு துறையில் சொருகிவிடுவார்கள். மூன்றாவது ஆள் ஜெசிந்தா.

ஜெசிந்தா மணப்பாட்டுப் பெண். அப்பா கப்பலில் என்ஜின் பார்த்தவர். ஜெசிந்தா எங்கள் துறையில் வருடா வருடம் புதுப்பிக்கும் தற்காலிக வேலையில் இருந்தார். அந்த வேலையை நம்பித்தான் என் கீழ் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்திருந்தார். வேலை போனால் பதிவும் போகும். பாதி எழுதி முடித்திருந்தார். இந்தத் துறையில் நான் பார்த்தவர்களிலேயே கூர்மையான மூளை அது. நான் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை உலகத்தில் மொத்தம் மூன்று பேர் படித்திருக்கிறார்கள். நான், அதை மதிப்பிட்டவர், ஜெசிந்தா. அதில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்தது மூன்றாமவர். மதிப்பிட்டவரும் கண்டுபிடிக்கவில்லை, எழுதியவனும் கண்டுபிடிக்கவில்லை.

துறையின் தலைவிதியை முடிவு செய்ய நிர்வாகக் குழு கூடிய அன்று என்னையும் அழைத்தார்கள். குறிப்பெடுக்க ஜெசிந்தாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கல்லூரிச் செயலரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை இறக்கி, உடைத்து, பருப்பாக விற்பவர். கொட்டைக்கு டாலரில், அதுவும் சில மாதம் கழித்துத்தான் பணம் கட்டவேண்டும். அதற்குள் டாலர் ஏறினால் அடி. அதனால் முந்திரி வியாபாரிகள் டாலரை முன்கூட்டியே ஒரு விலை பேசி வங்கியில் உறுதி செய்துகொள்வதுண்டு. அதை ஊரில் 'புக் பண்றது' என்பார்கள். அதற்கும் செலவு உண்டு. புக் பண்ணலாமா, சும்மா இருக்கலாமா என்பதுதான் முந்திரிக்காரர்களின் அன்றாட வயிற்றுவலி. அண்ணாச்சியின் மைத்துனர் தனபாலும் தனியாக ஒரு முந்திரி கம்பெனி வைத்திருந்தார். அவரும் குழுவில் இருந்தார்.

தட்டில் முந்திரி மக்ரூனும் டீயும் வந்தன. துறையின் சாதனைகளை நான் வாசித்தேன். யாரும் கேட்கவில்லை. அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"சார், இதெல்லாம் இருக்கட்டும். ஒங்க படிப்பால நமக்கு என்ன பிரயோசனம்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இனி ரேட் என்ன ஆகும்?"

அப்போது விலைவாசி எகிறிக்கொண்டிருந்தது. மத்திய வங்கி வட்டியை ஏற்றாமல் இனி ஒரு மாதம் தள்ளமுடியாது என்று வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக்கூடப் புரிந்திருந்தது. நானும் ஜெசிந்தாவும் சில மாதமாக அதை வைத்துத்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். துறை உயிரோடு இருக்குமா என்பது இந்த ஒரு பதிலில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நெறியாளர் நினைவுக்கு வந்தார். அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு,

"ரேட் ஏறும் அண்ணாச்சி," என்றேன்.

"ஏறக்கூடுமா, ஏறுமா?"

"ஏறும்."

குழு நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு பொருளாதாரப் பேராசிரியர் 'கூடும்' போடாமல் வாக்கியத்தை முடித்து அவர்கள் பார்த்ததில்லை. "சரி, இப்பத்திக்கு மூட வேண்டாம். சார் சொன்னது நடக்கான்னு பாப்பம்," என்று அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் ஜெசிந்தா மெதுவாகக் கேட்டார்.

"சார், அவங்க எந்த ரேட்டக் கேட்டாங்க?"

"வட்டிதான். வேற என்ன?"

"முந்திரி யாவாரம் பண்ணுறவரு வட்டிய எதுக்கு சார் கேக்காரு? டாலர் ரேட்டத்தான கேட்டாரு."

அவர் சொன்னது சரிதான். இந்த ஊரில் 'ரேட்' என்றால் எல்லாம் ரேட்தான். திரேஸ்புரத்தில் சீலாமீன் ரேட், நகைக்கடையில் தங்கம் ரேட், சங்கத்தில் உப்பு ரேட். எனக்கு மட்டும் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம், மத்திய வங்கி வட்டி. அதிகம் படித்ததன் கோளாறு அது. எங்கள் பாடப்புத்தகத்தின்படி வட்டி ஏறினால் வெளிநாட்டுப் பணம் உள்ளே வரும், ரூபாய் தெம்பாகும், டாலர் ரேட் இறங்கும். அதாவது நான் 'ஏறும்' என்று சொன்னதற்கு, அவர் கேட்ட கேள்விக்கான பாடப்புத்தகப் பதில் 'இறங்கும்'.

குழாயில் கைகழுவிக்கொண்டிருந்த தனபால் காதில் இது விழுந்துவிட்டது. கைக்குட்டையோடு வந்தார்.

"யம்மா, என்ன சொல்லுத? சார் டாலரச் சொல்லலியா?"

"இல்ல சார். வட்டி ஏறும்னுதான் சொன்னாங்க. டாலருக்குத் தனிக் கணக்கு."

"அப்ப வட்டி ஏறுனா டாலர் என்ன ஆகும்?"

ஜெசிந்தா என்னைப் பார்த்தார். துறைத்தலைவருக்கு உரிய கம்பீரத்தோடு தலையசைத்தேன்.

"மத்ததெல்லாம் மாறாம இருந்தா ரூபாய்க்குக் கொஞ்சம் தெம்பு வரும் சார். டாலர் எறங்கலாம். ஆனா மத்தது மாறாம இருக்காது. அமெரிக்காக்காரன் நம்மள விட வேகமா வட்டிய ஏத்துனா எல்லாம் தலகீழாப் போயிரும். டாலர் ஏறத்தான் செய்யும்."

திறந்த பொருளாதாரத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமான, இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்த மாநாட்டிலும் கேட்டதில்லை. சிக்கல் என்னவென்றால், தனபால் 'எறங்கலாம்' வரைதான் நின்றார். அதற்குள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தார். மீதி வாக்கியங்களை ஜெசிந்தா அவருடைய சட்டையின் முதுகுக்குத்தான் சொன்னார்.

சாயங்காலம் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, காலையில நான் சொன்னது வட்டி. டாலரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல."

"சரி சார்."

"டாலர் ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம். ரெண்டுக்கும் காரணம் இருக்கு."

"சார், கூட்டத்துல தைரியமாச் சொன்னீய. வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பயந்துட்டீய. பேங்குல சொல்லி அம்புட்டையும் புக் பண்ணியாச்சு. நீங்க போய்ச் சாப்பிடுங்க."

"இல்ல அண்ணாச்சி, அது வேற ரேட்..."

"எல்லா ரேட்டும் ஒண்ணுதான் சார்," என்று வைத்துவிட்டார். சர்வதேசப் பேரியல் பொருளாதாரத்தை இவ்வளவு எளிமையாக்கியவர் வேறு யாரும் இல்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும், இப்போது அது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. இங்கே வட்டி ஏறியது. அமெரிக்காவில் அதைவிட வேகமாக ஏறியது. உலகத்துப் பணமெல்லாம் அங்கே திரும்பிப் போயிற்று. டாலர் ஏறியது. ஜெசிந்தா யாருடைய முதுகுக்குச் சொன்னாரோ அந்த வாக்கியம் எழுத்துப் பிசகாமல் நடந்தது. அண்ணாச்சி முன்பே புக் பண்ணியிருந்ததால் தப்பித்தார். டாலர் இறங்கும் என்று புக் பண்ணாமல் காத்திருந்த தனபால் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார்.

கல்லூரி ஆண்டுவிழாவில் எனக்குப் பொன்னாடை போட்டார்கள். பின்னால் பேனரில் என் படம், கீழே 'ரேட் ஏறும் என முன்கூட்டியே உரைத்த முன்னோடி'. துறை காப்பாற்றப்பட்டது என்று மேடையிலேயே அறிவித்தார்கள். கல்யாண வீட்டில் தெரியாத்தனமாக மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டவன் மாதிரி இருந்தேன். மைக் கைக்கு வந்ததும் உண்மையைச் சொன்னேன். நான் சொன்னது வட்டியை, டாலரை அல்ல, டாலர் எப்படியெல்லாம் போகலாம் என்று சரியாகச் சொன்னவர் ஜெசிந்தா, அந்தச் சொல்லை முழுதாகக் கேட்கத்தான் ஆள் இல்லை என்று தெளிவாக, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னேன்.

கைத்தட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

"பாத்தீயளா," என்றார் அண்ணாச்சி மைக்கை வாங்கிக்கொண்டு. "பெருமையத் தூக்கி அந்தப் புள்ளைக்குக் குடுக்காரு. இதான் சாரோட அடக்கம்."

முன்வரிசையில் தனபால் மட்டும் கைதட்டவில்லை. அவர் என்னைப் பார்க்கவும் இல்லை. பெண் ஆசிரியர்களுக்கு நடுவே ஜெசிந்தா உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இளையவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். தவறான பழியை மறுத்தால் சிலராவது நம்புவார்கள். தவறான புகழை மறுத்துப் பாருங்கள், ஒருவரும் நம்ப மாட்டார்கள். மறுக்க மறுக்க அது வளரும்.

கோடை விடுமுறைக்கு முன் புதுப்பிக்கப்படுகிறவர்கள் பட்டியல் வந்தது. ஜெசிந்தா பெயர் இல்லை. காரணம், துறையில் போதிய வேலைப்பளு இல்லை. காப்பாற்றப்பட்ட துறையில் வேலைப்பளு எப்படிக் குறையும் என்று அலுவலகத்தில் கேட்டேன். அண்ணாச்சியைப் பார்க்கச் சொன்னார்கள். துறைமுகச் சாலையில் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் போய் அவருடைய முந்திரி கம்பெனியில் நின்றேன். கொட்டை வறுக்கும் புகை தொண்டையைப் பிடித்தது. அண்ணாச்சி எழுந்து நாற்காலி போட்டார்.

"அண்ணாச்சி, அந்தப் பொண்ணு தப்பா ஒண்ணும் சொல்லல."

"டாலர் எறங்கும்னு சொல்லிருக்கு."

"எறங்கலாம்னு சொன்னாங்க. அமெரிக்காவுல ஏத்துனா டாலர் ஏறும்னும் சொன்னாங்க. அதுதான் நடந்துச்சு."

"அதத் தனபால் கேக்கலியே."

"அவரு நிக்கல."

"யாவாரி எப்படி சார் நிப்பான்?"

"நீங்க டாலரக் கேட்டீங்க, நான் வட்டியச் சொன்னேன். நீங்க தப்பிச்சது தற்செயல். நான் சொல்லி இல்ல."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப டாலர் ஏறும்னு ஒங்களுக்குத் தெரியாதுங்கீயளா?"

"தெரியாது."

"தெரியாதவருக்கு எதுக்கு சார் டிபார்ட்மென்ட்? மூடிருவமா?"

துறையை நான் இருபது வருடத்துக்கு மேல் கட்டிக் காத்திருக்கிறேன். அதன் பெயர்ப்பலகையை மாற்ற ஒருமுறை என் கைக்காசைக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் வாய் தயங்கவில்லை.

"மூடிருங்க அண்ணாச்சி. அந்தப் பொண்ணுக்கு வணிகவியல்ல ஒரு இடம் போட்டுக் குடுத்துட்டு மூடிருங்க. எகனாமிக்ஸ் பேப்பர் அங்கயும் இருக்கு, ஆராய்ச்சிப் பதிவு தப்பிச்சுரும்."

என் வாழ்நாளில் 'கூடும்' போடாமல் சொன்ன இரண்டாவது வாக்கியம் இது. முதல் வாக்கியம் நினைத்ததற்கு மேலாகப் பலித்தது. இரண்டாவதை அவர் வாக்கியமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சிரித்தார். உள்ளே திரும்பி, "ஏலே, சாருக்கு ஒரு கிலோ மக்ரூன் வாங்கிட்டு வா," என்றார்.

"ஒங்கள மாதிரி ஆள வச்சுக்கிட்டு மூடுவனா சார்?" என்றவர் நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் தெரியும் சார். அந்தப் புள்ள சரியாத்தான் சொல்லிருக்கும். நம்ம காலேஜ்ல சும்மாவா எடுத்தோம்? ஆனா எம் மச்சினன் தெனமும் வீட்டுக்கு வாரான். அவுங்க அக்கா முன்னால உக்காந்து என்ன சொல்லுதான் தெரியுமா? அத்தானுக்கு ஒரு ரேட்டு, எனக்கு ஒரு ரேட்டுன்னு சொல்லிக் கவுத்துட்டாவங்கான். யாராவது ஒருத்தர் தப்புப் பண்ணிருக்கணும்லா சார்? நான் பண்ணல. அவன் பண்ணேன்னு ஒத்துக்கிட மாட்டான். நீங்க பண்ண முடியாது. ஒங்களுக்குப் பொன்னாடை போட்டாச்சு."

மக்ரூனை வாங்கிக்கொண்டு வந்தேன். வாங்காமல் வந்திருக்கலாம் என்று நினைப்பீர்கள். அதையும் அடக்கம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

துறையில் ஜெசிந்தா தன் ஜன்னலோர மேசையை ஒழித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். மூடச் சொன்னதையும் சொன்னேன்.

"அதுக்கு அண்ணாச்சி என்ன சொன்னாங்க?"

பொட்டலத்தைக் காட்டினேன்.

பிரித்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நல்ல முந்திரி சார்," என்றார். பிறகு புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கியபடியே, "விடுங்க சார். மத்ததெல்லாம் மாறாம இருக்கும்னு பாடம் நடத்துனது நாமதான," என்றார். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

கொஞ்ச நாளில் பல்கலைக்கழகத்திலிருந்து பதிவு ரத்தான கடிதத்தின் நகல் எனக்கும் ஒன்று வந்தது. ஜெசிந்தா இப்போது திருநெல்வேலியில் வங்கித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் வகுப்பெடுக்கிறார். கேள்விக்கு நான்கு விடை, ஒன்றில் வட்டம் போடவேண்டும். 'மற்றவை மாறாதிருந்தால்' என்று அங்கே ஒரு கட்டம் கிடையாது. பாதியில் நின்ற அந்த ஆய்வு எதைப் பற்றியது என்று கேட்டீர்களானால், வெளிநாட்டு வட்டி ஏற்றம் இறக்குமதி வியாபாரிகளை எப்படிப் பாதிக்கிறது என்பது. ஆய்வாளரை எப்படிப் பாதிக்கிறது என்று ஓர் அத்தியாயம் சேர்த்திருக்கலாம்.

நான் ஓய்வு பெற்ற அன்று வழியனுப்பு விழா நடந்தது. மறுபடியும் பொன்னாடை, மறுபடியும் மக்ரூன். அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, "சார், போறதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. இனி ரேட் என்ன ஆகும்?" என்றார். சிலர் போனை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

"எந்த ரேட், அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் மொத்த அரங்கமும் சிரித்தது.

"பாத்தீயளா," என்றார் அண்ணாச்சி, பாசமாக என் தோளைத் தட்டி. "இன்னைக்குத்தான் ரிட்டயர் ஆனாரு. அதுக்குள்ள தொழில மறந்துட்டாரு."

தனபாலும் சிரித்தார். எனக்காக அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

உங்களில் யாருக்கு ஜன்னலோர மேசையை ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மாலையில் அந்தப் பக்கம் உப்புக்காற்று வரும். கணினியைத் துணி போட்டு மூடி வையுங்கள். அந்த மேசையில் முன்பு இருந்தவர் அப்படித்தான் வைத்திருந்தார். உங்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள், டீ கொடுப்பார்கள், ரேட் என்ன ஆகும் என்று கேட்பார்கள். பதில் சொல்வதற்கு முன் எந்த ரேட் என்று கேளுங்கள். பிறகு சொல்லவேண்டியதை முழுதாகச் சொல்லுங்கள், ஆனால் என்று தொடங்கும் வாக்கியத்தையும் சேர்த்து. கடைசிவரை நின்று கேட்பார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.

மற்றவை மாறாதிருந்தால், நிற்க மாட்டார்கள்.